செல்லர்க்காரருக்கு அஞ்சலி எழுதிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் அஞ்சலிக் கட்டுரையின் நான்காம் பத்தியில் ஒரு வாக்கியம் வருகிறது. இரவு ஷிப்டில், டேங்கின் காஸ் குழாய் நுனி முங்கியிருக்கும் தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் அவர் குந்தி உட்கார்வார், கண்ணை மூடிக் குமிழிச் சத்தத்தைக் கேட்பார், எழுந்து, “நாளைக்கு மத்தியானம் அடங்கிரும்” என்பார், அடங்கிவிடும். இவ்வளவுதான் நீ எழுதியது. தொழிலாளி ஒருவரைப் பற்றித் தமிழில் இப்படி ஒரு வாக்கியத்தைப் படித்து எனக்கு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. மனிதர் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். அவருடைய முழங்கால் வலி தெரிகிறது, தரையின் ஈரம் தெரிகிறது, பக்கத்தில் நிற்கிற உன் வயதுகூடத் தெரிகிறது. இந்த ஒன்றுக்காகவே உன்னை எழுத்தாளன் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

இதை எழுதிய கைதான் மற்றப் பத்திகளையும் எழுதியது என்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நீ பீர் ஆலை லேபில் இருப்பவன். நானும் பணிக்காலம் முழுக்க அப்படி ஒரு லேபில்தான் இருந்தேன். ஈஸ்ட் என்ன செய்யும், வோர்ட் எப்போது பீராகும் என்றெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தின் அரிச்சுவடியும் உனக்கு வேண்டாம். அதைத் தாண்டி வந்துவிட்டாய். என்னை உறுத்தியவை இரண்டே. அவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது: உன் கட்டுரையில் பீர் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். “ஒரு தனியார் நிறுவனத்தின் உற்பத்திப் பிரிவில் 35 ஆண்டுகள் பணியாற்றினார்” என்று இருக்கிறது. எதை உற்பத்தி செய்தது அந்த நிறுவனம்? சோப்பா, டயரா, பிஸ்கட்டா? நமக்குத் தெரியும், நம் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பத்திரிகையை வாங்கிப் படிக்கிற மதுரைக்காரருக்கு எப்படித் தெரியும்? அவர் அந்த அருமையான நான்காம் பத்திக்கு வந்து சேரும்போது, ஒரு மனிதர் நள்ளிரவில் எதற்காக ஒரு வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடுகிறார் என்றே புரியாமல் திகைப்பார். உன்னுடைய மிகச் சிறந்த வாக்கியத்தின் காலை நீயே ஒடித்திருக்கிறாய்.

ஏன் ஒடித்தாய் என்பதும் எனக்குத் தெரியும். நம் ஊரில் பீர் ஆலையில் வேலை பார்ப்பவரின் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் “கெமிக்கல் கம்பெனி” என்றுதான் அச்சாகும். பெண் பார்க்கப் போகிற இடத்தில் “ஃபுட் பிராசஸிங்” என்பார்கள். இந்தக் கூச்சம் நேற்று வந்ததில்லை. 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் அன்றைய சேலத்துக்குள் அடக்கம். பீர் நொதிக்கும் டேங்குகள் இருக்கிற எங்கள் செல்லரில் பாதிப் பேர் அந்தப் பக்கத்து ஆட்கள். ஓசூரைத் தாண்டிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்தவர்கள். முதன்முதலில் மதுவை விலக்கிய மண்ணிலிருந்து வந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் பீர் காய்ச்சி, மாதக் கடைசியில் ஊருக்கு மணியார்டர் அனுப்பினார்கள். ஊரில் யாரும் என்ன வேலை என்று கேட்கமாட்டார்கள், இவர்களும் சொல்லமாட்டார்கள். 1971இல் விலக்கு தளர்ந்தது, பிறகு மீண்டும் வந்தது, 1983இல் டாஸ்மாக் தொடங்கியது, 2003இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கே போயிற்று. இத்தனைக்கும் பிறகும் அந்தக் கூச்சம் மட்டும் அப்படியே இருக்கிறது.

குடிக்கு வக்காலத்து வாங்கச் சொல்லவில்லை, தம்பி. குடியால் அழிந்த குடும்பங்கள் என் தெருவிலேயே இருக்கின்றன. அவர்களுடைய பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதை எழுத வேண்டும் என்று தோன்றினால் அதையும் எழுது. ஆனால் ஒருவர் இளமையில் தொடங்கி ஓய்வு பெறும்வரை ஒரு வேலையைச் செய்து, அதில் தேர்ந்து, செத்தும் போய்விட்டார். அவருக்கு அஞ்சலி என்று எழுதிவிட்டு அந்த வேலையை மட்டும் துணி போட்டு மூடுவது நியாயமில்லை. அவருடைய அறிவு முழுவதும் அதில்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நல்ல அப்பா, நல்ல கணவர், நல்ல அண்டை வீட்டுக்காரர். அவற்றை எழுத அவர் வீட்டில் ஆள் இருக்கிறது. கூட வேலை பார்த்தவன் மட்டும் எழுதக்கூடியதை நீ எழுதவில்லை.

சேலத்தில் மதுவிலக்கு வந்த அதே அக்டோபரில், 16ஆம் தேதி, இங்கிலாந்தில் ஒரு பீர் ஆலைக்காரர் இறந்தார். வில்லியம் சீலி காசெட். வயது 61. 1899இல் டப்ளினில் கின்னஸ் ஆலையில் சேர்ந்தவர், சாகும்வரை 38 ஆண்டுகள் அதே நிறுவனத்தில். கடைசி இரண்டு ஆண்டுகள் லண்டனில் பார்க் ராயல் என்ற இடத்தில் கட்டிய புது ஆலையில் இருந்தார். டி-சோதனை என்று நீ கல்லூரியில் படித்திருப்பாய். நம் வேளாண் கல்லூரியில் நெல் ரகத்தைச் சோதிப்பவரும், மருத்துவக் கல்லூரியில் மாத்திரையைச் சோதிப்பவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. அதைக் கண்டுபிடித்தவர் இவர்தான். தன் ஆட்கள் சொந்தப் பெயரில் கட்டுரை வெளியிட ஆலை அனுமதிக்காததால் “ஸ்டூடன்ட்” என்ற புனைபெயரில் எழுதினார். உலகம் இன்றும் அந்தப் பெயரில்தான் அவரைச் சொல்கிறது.

புள்ளியியல் புத்தகங்கள் அவரைக் கணிதக்காரராகக் காட்டும். அவருடைய முதல் கட்டுரை, 1907இல் வந்தது, எதைப் பற்றியது தெரியுமா? ஈஸ்ட் எண்ணுவதைப் பற்றி. நீ இன்று காலையில் செய்திருப்பாயே, கிட்டத்தட்ட அதே வேலை: மைக்ராஸ்கோப்புக்கு அடியில் கட்டம் போட்ட கண்ணாடி, மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு, செத்த செல் நீலமாகத் தெரியும், உயிருள்ளது நிறமில்லாமல் இருக்கும், கட்டம் கட்டமாக எண்ணிக்கொண்டே போக வேண்டும். ஒரே ஈஸ்ட்டை இரண்டு தடவை எடுத்தாலும் கணக்கு ஒன்றாக வராது. உனக்கும் வராது, எனக்கும் வந்ததில்லை, அவருக்கும் வரவில்லை. நாம் எரிச்சல்பட்டுச் சராசரி போட்டுவிட்டுப் போனோம். அவர் 400 கட்டங்களை எண்ணி, இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் பிசகலாம், எத்தனை கட்டம் எண்ணினால் நம்பலாம் என்று உட்கார்ந்து யோசித்தார். ஈஸ்ட் கூடினால் ஒரு பீர், குறைந்தால் வேறு பீர். அந்தக் கவலையிலிருந்து வந்த கணக்கு அது. 1908இல் வந்த புகழ்பெற்ற கட்டுரையும் அப்படித்தான். பார்லி நிலத்தில் நான்கைந்து பாத்திதான் கிடைக்கும். மால்ட்டைச் சோதித்தால் சில மாதிரிகள்தான் கிடைக்கும். இவ்வளவு குறைந்த எண்களை வைத்துக்கொண்டு எதைத் துணிந்து சொல்லலாம்? விடையைச் சரிபார்க்க அவர் செய்த காரியத்தைக் கேள். 3000 கைதிகளின் உயரமும் இடது நடுவிரல் நீளமும் வேறொருவர் அளந்து வைத்திருந்தார். அத்தனையையும் அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக எடுத்து, 750 சிறு மாதிரிகளாக்கிக் கணக்குப் போட்டார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். பகலில் ஆலை, அட்டைகளுக்கு மிச்ச நேரம்.

அவர் இறந்த பிறகு வந்த அஞ்சலிகளில் மூன்றை உனக்குச் சொல்ல வேண்டும். புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர் ஒன்று எழுதினார், 1939இல். புள்ளியியல் முன்னோடி கார்ல் பியர்சனின் மகன் எகான் பியர்சன் அதே ஆண்டு பயோமெட்ரிகா இதழில் நீளமாக ஒன்று எழுதினார். ஃபிஷருக்கும் பியர்சன் குடும்பத்துக்கும் ஆகாது. காசெட் இரு தரப்புக்கும் நண்பராக இருந்தவர். மூன்றாவது அஞ்சலி அதே பயோமெட்ரிகா இதழில் வந்தது: லான்ஸ் மக்மல்லன் எழுதியது. மக்மல்லன் பெரிய கணித மேதை இல்லை. கின்னஸில் காசெட்டோடு வேலை பார்த்த ஆள், உன்னையும் என்னையும் மாதிரி.

அதை எப்படியாவது தேடிப் படி. சில பக்கங்கள்தான். காசெட் தச்சுவேலை தெரிந்தவர், படகுகள் கட்டினார் என்கிறார் மக்மல்லன். அதோடு நிறுத்தவில்லை. கடைசியாகக் கட்டிய படகில் இரண்டு முனையிலும் சுக்கான் இருந்ததாம். ஏன்? தூண்டில் போடுகிறவரே, படகு தண்ணீரோடு போகிற போக்கைத் தன் கையால் திருப்பிக்கொள்ளலாம். கோல்ஃப் ஆடுவார், அதுவும் காலம் போன பழைய மட்டைகளை வைத்துக்கொண்டு. 1934இல் நேர்சாலையில் கார் ஓட்டிப் போகும்போது, கூட எடுத்துப் போன ஏதோ சாமானைச் சரிசெய்யக் குனிந்து, விளக்குக் கம்பத்தில் மோதிக் காலை முறித்துக்கொண்டார். படுக்கையில் கிடந்த மாதங்களில் புள்ளியியலில் மூழ்கினார். படித்து முடித்தபோது எனக்கு அந்த மனிதரைத் தெரியும் என்றே தோன்றியது. மேதை என்று ஃபிஷர் நிறுவிய ஆளை, பக்கத்து மேசைக்காரராக மக்மல்லன் கொண்டுவந்து நிறுத்துகிறார். கூட வேலை பார்த்தவன் எழுதும் அஞ்சலிக்கு இதைவிட நல்ல முன்மாதிரியை நான் கண்டதில்லை. இரட்டைச் சுக்கான் படகை ஒரு புள்ளியியல் இதழில் வைக்கலாமா என்று அவர் தயங்கியிருந்தால், இன்று நம்மிடம் அந்தப் படகு இல்லை. நீ தயங்கியிருக்கிறாய்.

இரண்டாவது உறுத்தலுக்கு வருகிறேன். “கடமை, கண்ணியம், கட்டுப்பாடு ஆகியவற்றுக்கு இலக்கணமாய்த் திகழ்ந்தவர்”, “என்றும் சிரித்த முகம்”, “யாரிடமும் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை”, “ஈடுசெய்ய இயலாத இழப்பு.” தெருமுனைச் சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டருக்கு இந்தச் சொற்கள் பொருந்தும், அங்கே இடம் கொஞ்சம், ஒட்டுபவர்களின் துக்கம் பெரிது, அச்சகத்தில் இருக்கிற வாசகத்தை எடுத்துக்கொள்கிறார்கள். உனக்கு நான்கு பக்கம் கொடுத்தார்கள்.

அதிலும் அந்தக் கோபம். செல்லரில் 35 ஆண்டுகள் இருந்தவர் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? செல்லரில் கோபப்படாத மூத்தவர் ஆபத்தான மூத்தவர். எங்கள் ஆலையில் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் பெரியண்ணன். மேனேஜரும் அப்படித்தான் கூப்பிடுவார். ஒரு நாள் மத்தியானம், பீர் இறக்கிவிட்ட டேங்கின் கீழ் வாசலைத் திறந்து வைத்திருந்தார்கள். புதிதாக வந்த காண்ட்ராக்ட் பையன் ஒருவன், உள்ளே ஏதோ ஹோஸ் கிளிப் கிடக்கிறது என்று தலையை நீட்டினான். பெரியண்ணன் பத்தடி தள்ளி நின்றவர். அவர் போட்ட சத்தம் பாட்டிலிங் வரை கேட்டது. சட்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் உட்காரவைத்து, அவன் அம்மா அப்பாவையெல்லாம் இழுத்து வைதார். பையன் அழுதுவிட்டான். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், காலி டேங்கின் அடியில் தங்கி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது, காற்றில் பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே சில நிமிடங்களில் நினைவு போய்விடும். ஒருவன் விழுந்தால் காப்பாற்றப் போகிற இரண்டாமவனும் விழுவான். நம் ஊர்க் கழிவுநீர்த் தொட்டிகளில் திரும்பத் திரும்ப நடப்பதுதான் அது. உனக்கு இதெல்லாம் பாடம். அந்தப் பையனுக்குத் தெரியாது. பெரியண்ணன் அன்று சிரித்த முகத்தோடு இருந்திருந்தால் அவன் இன்று இல்லை. சாயங்காலம் கேன்டீனில் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து அவன் தட்டில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

காஸ்டிக் விஷயத்திலும் அப்படித்தான். டேங்கில் காஸ் நிற்கும்போது அதை வெளியேற்றாமல் காஸ்டிக் கழுவல் விட்டால் என்ன ஆகும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறோம்: காஸ்டிக் அந்தக் காஸை விழுங்கிக் கார்பனேட் ஆகிவிடும், உள்ளே அழுத்தம் விழும், வெளிக்காற்றே அத்தனை பெரிய எஃகு டேங்கை நசுக்கிவிடும். பெரியண்ணன் எட்டாவதுகூட முடிக்காதவர். வேதியியல் சமன்பாடு அவருக்குத் தெரியாது. காற்றை ஊதி விட்டுவிட்டுக் கையை மேல் வால்வில் வைத்துக் காத்திருப்பார். எஞ்சினியரிங் முடித்து வந்த ஷிப்ட் ஆபீசர் அவசரப்படுத்தினால், “சார், நீங்க போய் டீ சாப்பிட்டு வாங்க” என்பார். அவர் பணியில் இருந்தவரை எங்கள் செல்லரில் ஒரு டேங்க் நசுங்கியதில்லை. இதை எந்த விருதுப் பலகையிலும் எழுதமாட்டார்கள். நடக்காமல் போன விபத்துக்கு யாரும் மாலை போடுவதில்லை.

மாலை என்றதும் ஞாபகம் வருகிறது. கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொள்வார். எங்கள் ஆலையில் தினமும் பதினோரு மணிக்கு லேபில் ருசிபார்ப்பு உண்டு; அந்த நாட்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள். பெரியண்ணன் வருவார். கறுப்பு வேட்டி, துளசி மாலை, வெறுங்கால். கிளாஸை வாயருகே கொண்டுபோகமாட்டார். மூக்குக்கு நேரே பிடித்து ஒரு சுற்று சுற்றுவார். “வெண்ணெய் வாடை இருக்கு. இன்னும் ஒரு நாள் விடுங்க” என்பார். டையசெட்டைல் என்ற பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஈஸ்ட் தான் விட்ட வெண்ணெய் மணத்தைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும், அதற்கு அவகாசம் தர வேண்டும், சூடு கொஞ்சம் ஏறவிட வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். டெஸ்பாட்ச்காரர்கள் லாரியை நிறுத்திவைத்துக்கொண்டு கத்துவார்கள். என் மெஷின் காட்டும் எண் வருவதற்கு அரை நாள் ஆகும். வந்து பார்த்தால் அவர் சொன்னபடி இருக்கும். விரதம் முடிந்து திரும்பினாலும் அவர் குடித்து நான் பார்த்ததில்லை. வீட்டில் பாட்டில் வைத்ததில்லை. பீர் காய்ச்சுவது அவருக்கு ஒரு வேலை, கொல்லனுக்கு அரிவாள் மாதிரி.

அவருடைய சாவுக்கு நான் போனேன். பந்தலில் ஒருவர் எழுந்து, அன்னார் நற்பண்புகளின் உறைவிடம் என்று பேசினார். செல்லர் ஆட்கள் ஓரமாக நின்றிருந்தோம். வெண்ணெய் வாடையைப் பற்றி அங்கே யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. தம்பி, உன் கட்டுரை வருகிறது என்று கேள்விப்பட்டபோது, நாங்கள் அன்று சொல்லாததை நீ சொல்லியிருப்பாய் என்று நினைத்துத்தான் பத்திரிகையை வாங்கினேன்.

இப்போது உனக்கு ஒரு வேலை. லாக் புக்கைத் தேடிப் போ. இதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, என்னைக் கண்டாலே சிலர் ஒதுங்குகிறார்கள், ஆனாலும் சொல்வேன். ஆலைத் தொழிலாளி தன் கைப்பட எழுதி விட்டுச் செல்லும் ஒரே எழுத்து ஷிப்ட் லாக் புக்தான். நேரம், டேங்க் எண், சூடு, பிளேட்டோ எனும் சர்க்கரை அளவு, அழுத்தம், கடைசியில் “குறிப்பு” என்று ஒரு கட்டம். முக்கால்வாசிப் பேர் அந்தக் கட்டத்தில் ஒன்றும் எழுதுவதில்லை, எழுதினால் “ஓகே.” பெரியண்ணன் எழுதுவார். “7 மந்தம். ராத்திரி கரண்ட் போச்சு.” “புது ஈஸ்ட், நல்ல துடிப்பு, பாத்துக்கவும்.” “3ல வாசல் ரப்பர் பிசுக்கு, மாத்தச் சொல்லி மூணு நாளாச்சு.” “மழை. 5, 6 அமைதி.” அடுத்த ஷிப்டுக்கு வரும் ஆளுக்கு, முகம் பார்க்காமல் எழுதிய கடிதங்கள் அவை. ஒரு மனிதரின் பதற்றம், பொறுப்பு, கோபம், எழுத்துப் பிழை எல்லாம் அதில் இருக்கிறது. மூன்று நாளாகச் சொல்லியும் ரப்பரை மாற்றாத மெயின்டனன்ஸ்மீது அவருக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் கேட்கிறது. இப்போதெல்லாம் திரையில் கோடு போகிறது. சூடும் அழுத்தமும் தானாகப் பதிவாகின்றன. குறிப்பு எழுத இடமில்லை. பழைய நோட்டுகள் ஆடிட் முடிந்ததும் எடைக்குப் போய்விடும். எங்கள் ஆலையில் போய்விட்டன. நான் ஓய்வு பெற்ற பிறகு கேட்டபோது ரெக்கார்டு ரூமே இல்லை. அங்கே காலி கிரேட்டுகள் அடுக்கியிருந்தார்கள்.

உன் ஆலையில் இன்னும் இருக்கலாம். ஸ்டோர்ஸில் இருப்பவரிடம் பேசு. உன் செல்லர்க்காரரின் கையெழுத்து உனக்குத் தெரியும். பத்து நோட்டு கிடைத்தால் போதும், உன் கட்டுரை அங்கே இருக்கிறது. அவர் எழுதிய குறிப்புகளை அப்படியே, பிழையோடு, போடு. இலக்கணம் என்று நீ சொன்ன மனிதரின் இலக்கணப் பிழைகள் வாசகருக்கு வேண்டும்.

நீ என்ன பதில் சொல்வாய் என்று யோசித்துப் பார்த்தேன். “அண்ணே, அவர் வீட்டில்தான் போட வேண்டாம் என்றார்கள், மகளுக்கு வரன் பார்க்கிறார்கள்” என்பாய். அப்படி இருந்தால் அது சின்ன விஷயம் இல்லை. நம் கட்டுரையின் அழகுக்காக ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சில் நாம் குறுக்கே நிற்கக்கூடாது. ஆனால் அதற்கு வழி நீ செய்தது இல்லை. நீ பெயரை வைத்துக்கொண்டு வேலையை எடுத்துவிட்டாய். அவருடைய முழுப்பெயர், படம், பிறந்த ஊர், சேர்ந்த வருஷம், ஓய்வு பெற்ற வருஷம் எல்லாம் உன் கட்டுரையில் இருக்கிறது. அவர் என்ன செய்தார் என்பது மட்டும் இல்லை. பெயரை எடுத்துவிட்டு வேலையை வை. காசெட் தன் பெயர் இல்லாமல் 30 ஆண்டுகள் எழுதினார். அந்த எழுத்துக்கு ஒரு குறைவும் வரவில்லை. “செல்லர்க்காரர் ஒருவர்” என்று தொடங்கு. படம் வேண்டாம், ஊர் வேண்டாம். அவர் வீட்டாருக்கு மட்டும் அது யார் என்று தெரியும். நம் தொழிலில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு, அது தன் செல்லரில் இருந்த ஆள் என்றே தோன்றும்.

அதற்கு முன் அவர் மனைவியிடம் நீ நேரில் போய்ப் பேச வேண்டும். மகனிடமோ மச்சானிடமோ கேட்டுவிட்டு வராதே. அத்தனை ஆண்டுகள் அந்த யூனிபார்மைத் துவைத்தவர் அவர். ஈஸ்ட்டின் புளித்த வாடை எத்தனை சோப்புப் போட்டாலும் காலரிலிருந்து போகாது என்பது நம்மைவிட அவருக்குத் தெரியும். அவர் என்ன சொல்கிறாரோ அதன்படி செய். ஒருவேளை அவர், பெயரையும் போடு, படத்தையும் போடு, என் புருஷன் திருடிச் சம்பாதிக்கவில்லை என்று சொல்லலாம். பெரியண்ணனின் மனைவி அப்படித்தான் சொல்லியிருப்பார். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

திருத்தி எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. இது முதல் வடிவத்தைவிட நீளமாகத்தான் வரும். நான்கு பக்கத்துக்குமேல் போனால் ஆசிரியர் முகம் சுளிப்பார். அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஸ்டோர்ஸுக்கு இந்த வாரமே போய்விடு. மார்ச் வந்தால் வருஷக் கணக்கு முடிக்கப் பழசையெல்லாம் கழிப்பார்கள்.

அன்புடன்,
உன் அண்ணன்